பாட்டுக்காரனோடு வந்த மூன்று பெண்கள்

டென்மார்க்கின் ஓகூஸ் நகர பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழர்கள். ஊரிலிருக்கும் மனைவியை அழைக்கப் போட்ட மனுக்களுக்குப் பதிலே வராத வருடங்கள் அவை. ஹோட்டலில் துப்புரவு வேலை முடித்து வந்த மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"எங்கட ஹோட்டலில ஒரு அமெரிக்க ரொக் பாட்டுக்காரன் மூண்டு பெண்டாட்டியளோட வந்து நிக்கிறான்."

"ஆர் அண்ணை சொன்னது?" என்றான் பக்கத்திலிருந்த இளைஞன்.

"நான்தானே அறை கூட்டினனான். மூண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சட்டை. கண்ணாடிக்கு முன்னால நிண்டு 'ஊ, ஊ' எண்டு பாடிக்கொண்டிருக்கினம்."

"ஐயோ அண்ணை, அவை பின்பாட்டுக்காரர். சம்பளத்துக்கு வாறவை. கிற்றார், ட்ரம்ஸ் அடிக்கிற ஆக்களும் அப்பிடித்தான்."

"சொந்தமில்லையோ?"

"இல்லை."

"அப்ப எப்பிடி நாட்டுக்குள்ள விட்டவங்கள்?"

"தன்னோட பாடுற ஆக்கள் எண்டு அவன்ர பக்கத்தால ஒரு கடிதம் குடுத்திருப்பினம். அதுவே காணும்."

பஸ் இரண்டு தரிப்புகள் தாண்டியது.

"மனுசியைக் கூப்பிட நான் கலியாணப் பதிவு, படம் எல்லாம் குடுத்தனான். ரெண்டு வருசமாச்சு."

"ஓம் அண்ணை."

"பெண்டாட்டியெண்டா விடமாட்டாங்கள். பின்னால நிண்டு பாடினா விடுவாங்கள். எனக்கு விளங்கேல்லையடா தம்பி."

மூத்தவர் யன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ர மனுசி மார்கழிப் பஜனைக்குப் பின்பாட்டுப் பாடுறவ. அவன் நாளைக்கும் நிப்பான். அப்பிடியொரு கடிதம் கேட்டுப் பாப்பமோ?"

இளைஞன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"அக்கான்ர முழுப் பேரைச் சொல்லுங்கோ."