சுவரைத் தாண்டிப் போன ஒயர்

பவளத்துக்கு வாய் உண்டு என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். கல் என்பார்கள். என் தொட்டியில் இருப்பவை உள்ளேதான் கல். மேலே கொழுத்த சதை. உரித்த இறாலைப் பொடியாக நறுக்கிக் குழாயால் வாயருகே விட்டால், மெதுவாக இழுத்துக்கொள்ளும். விரல்நகம் அளவுத் துண்டுகளாக வாங்கி, உள்ளங்கை அளவுக்கு வளர்த்திருக்கிறேன். பொறுமை வேண்டும், ஐயா. உங்கள் வேலையிலும் வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தோன் எலாடியோவுக்கு இதெல்லாம் வேடிக்கை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, போகும்போதும் வரும்போதும் கேட்பார்.

"ஏம்மா டாக்டரம்மா, கல்லுக்குச் சோறூட்டியாச்சா?"

"ஆச்சு. உங்களுக்கு உங்க மக ஊட்டிட்டாளா?"

சிரித்தால் அவருக்கு இருமல் வரும். இருமினால் மகள் மிக்டாலியா ஓடி வருவாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது கடலுயிர். எங்கள் மயாகுவெஸ் ஊரில் கடலில் கிடைப்பதைப் பொரிக்கலாம், விற்கலாம். கடலைப் படிக்கலாம் என்றால் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

அப்புறம் புயல் வந்தது, கரண்ட் போனது. தெருவில் ஜெனரேட்டர் வைத்திருந்தவள் இந்தக் கல்லுக்காரி மட்டும்தான். தொட்டிக்காக வாங்கியது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: ஜெனரேட்டர் இருக்கிற வீட்டிலிருந்து இல்லாத வீட்டுக்கு ஒயர் போகும். யாரும் கேட்கக்கூட வேண்டியதில்லை. நானே சுவர்மேல் ஒயர் விட்டு அவருடைய ஆக்சிஜன் மெஷினுக்குக் கரண்ட் கொடுத்தேன். ஆளாளுக்கு என்னைக் கட்டிப்பிடித்தார்கள். மிக்டாலியா தட்டு நிறைய வாழைக்காய் வறுவல் கொண்டுவந்தாள். நான் வாங்கிய பட்டத்துக்கு முதல்முறையாக ஒரு மரியாதை.

ஒருநாள் மத்தியானம் மிக்டாலியா வந்து, ஊருக்குள் ஆக்சிஜன் சிலிண்டர் வந்திருக்கிறது, வரிசையில் நிற்கப் போகிறேன் என்றாள்.

"அப்பா தூங்குறார். ஒயர மட்டும் பாத்துக்கடி. நீ படிச்சவ, உன்ன நம்பித்தான் போறேன்."

"போயிட்டு வாக்கா," என்றேன்.

வெயில் ஏறியது. தொட்டித் தண்ணீர் சூடானது. பவளங்களின் சதை சுருங்கி, அடியில் கல்விளிம்பு தெரிந்தது. ஒன்று அழுகினால் அந்த அழுகல் பக்கத்திலிருப்பதையும் தின்றுவிடும். தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷினைப் போட்டேன். ஜெனரேட்டர் திணறி நின்றது. சின்ன ஜெனரேட்டர், இரண்டு மெஷின்களில் ஒன்றைத்தான் தாங்கும். படித்தவள் என்ன செய்வாள்? யோசிப்பாள். யோசித்தேன். பவளத்துக்குத் தூக்கம் கலைந்து ஆளைக் கூப்பிடத் தெரியாது. மனிதருக்குத் தெரியும். அவருடைய ஒயரைப் பிடுங்கிவிட்டு ஜெனரேட்டரை மறுபடி ஓடவிட்டேன்.

சற்று நேரத்தில் தரையில் கிடந்த ஒயர் நகர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இழுப்பு. அந்தப் பக்கம் ஒருவர்தான் இருந்தார். விட்டு விட்டு, பலமே இல்லாமல் இழுத்தார். வேண்டுமென்றால் வாயால் கேட்டிருக்கலாம். என்னைக் கிண்டல் செய்ய மட்டும் அந்த வாய்க்கு மூச்சு இருந்ததே. ஒயர் தொட்டியின் ஸ்டாண்டில் உரச உரச, ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த பவளங்கள் இன்னும் ஒடுங்கின. அவற்றுக்கு அதிர்ச்சி ஆகாது. அதனால் ஒயரின்மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

இழுப்பு தானாகவே நின்றது. தண்ணீர் குளிர்ந்து, ஒவ்வொன்றாக உப்பி விரிந்தன. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒயரைத் திரும்பச் செருகிவிட்டேன். பொறுப்பில்லாதவள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது, பாருங்கள்.

அவருடைய அடக்கத்தன்று மிக்டாலியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நடுவுல கரண்ட் நின்னுச்சாடி?" என்று கேட்டாள். நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அவள் போலீஸுக்குச் சொல்லி உங்களைக் கூப்பிட்டுவிட்டாள். உண்மை பேசியதற்கு ஊர் தருகிற பரிசு இது.

எனக்கு வக்கீல்கூட வேண்டாம். நான் இங்கே இருக்கும்வரை தொட்டிக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள், போதும். மிக்டாலியாவிடம் மட்டும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். மூச்சுக்குத் தவிக்கிற அப்பனை அடுத்தவள் பொறுப்பில் போட்டுவிட்டுப் போனவள். அவளை நம்பி ஓர் உயிரை எப்படி விடுவது?