விதைக்கத் தெரியாத ஆள்

"இயேசு சொன்ன கதையில வர்ற ஆளுக்கு விதைக்கவே தெரியலன்னு ஒரு புள்ள சொல்லிடுச்சு, ஸ்டெல்லா."

தஞ்சாவூர் பஸ்ஸில், முன்சீட்டில் இப்படி ஒரு வார்த்தை விழுந்தால் காதை மூடிக்கொள்ளவா முடியும்? இரண்டு பெண்கள். சண்டே ஸ்கூல் டீச்சர் பயிற்சியின் கடைசி நாளில், சர்ச்சுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வகுப்பு எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

"எந்தக் கதைடி?"

"விதைக்கிறவன் கதைதான். கொஞ்சம் வழியில விழுந்துச்சு, கொஞ்சம் பாறையில, கொஞ்சம் முள்ளுல, மீதி நல்ல நிலத்துலன்னு சொன்னேன். கடைசி வரிசையிலேருந்து, 'எங்கப்பா நாத்தங்காலுக்கு விதை விட்டா வரப்புல ஒரு நெல்லு சிந்தாது டீச்சர், இவரு ஏன் வழியில போடுறாரு'ங்குது."

"நீ என்ன சொன்ன?"

"உக்காருன்னேன். எனக்கு இந்த வேலை சரிப்படாதுடி. சர்ச்சு ஐயர்கிட்ட சொல்லிட்டு நின்னுக்கப் போறேன்."

"பின்னாடி உக்காந்து உன் வகுப்பப் பாத்தாங்களே, பயிற்சி குடுக்குற அந்தம்மா என்ன எழுதிக் குடுத்தாங்க?"

ஸ்டெல்லா அந்தத் துண்டுச் சீட்டை வாங்கிச் சத்தமாகவே வாசித்தார். "கதை சொன்ன விதம் நன்று. கேள்விகள் எல்லாம் முன்வரிசையில் இருந்த மூன்று பேருக்கே."

"அதுங்கதான் டக்குன்னு பதில் சொல்லுங்க. மத்ததுங்ககிட்ட கேட்டா வீணாத்தான் போ..."

பாதியில் நிறுத்தியவர், துண்டுச் சீட்டைத் திரும்ப வாங்கி அந்த வரியை மறுபடி படித்தார்.

"அடுத்த ஞாயிறு அந்தப் புள்ள கேட்டா என்ன சொல்லுவ?"

"அவரு தெரியாம சிந்தலடா, எல்லா எடத்துக்கும் போட்டாருன்னு சொல்லணும். நல்ல நிலமாப் பாத்துப் பாத்துப் போட்டது நாந்தான்."