சாம்பல் ஏரியில் முட்டை நான்கு

பறவை பார்க்கப் போகிறவர் வெள்ளைச் சட்டை போடக் கூடாது. சாம்பல் நிறம் நல்லது. நெய்வேலி டவுன்ஷிப்பில் பத்து வருடமாக நான் சொல்லித்தரும் முதல் பாடம் இது. செல்வகுமார் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார்.

மனமகிழ் மன்றம் எனக்குப் 'பறவைச் செம்மல்' பட்டம் கொடுத்தது. நான் கேட்கவில்லை, பாராட்டு வாசகத்தை எழுதிக் கொடுத்ததோடு சரி. கஜகஸ்தானிலிருந்து வரும் அபூர்வ ஆள்காட்டிப் பறவை நம் சாம்பல் ஏரியில் நான்கு முட்டை வைத்திருப்பதைக் கண்டுபிடித்தவன் நான். இந்தியாவில் அது கூடு கட்டியதாகப் பதிவே கிடையாது. என் புத்தகத்தின் அட்டையில் அதன் படம்தான். ஞாயிற்றுக்கிழமை வெளியீடு.

செல்வகுமார் கேன்டீனில் காண்ட்ராக்ட் ஆள், முத்தாண்டிக்குப்பத்துக்காரன். ஷிப்ட் முடிந்தால் என் பின்னால் வந்துவிடுவான். வியாழக்கிழமை என் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அய்யா, தப்பா நினைக்காதீங்க. அது நம்மூரு மஞ்சமூக்கு ஆள்காட்டிங்க. எங்க வூட்டுக் கொல்லையிலயே மேஞ்சுகினு இருக்கும்."

"இருபது வருஷமா பாக்குறேன் தம்பி. எனக்குத் தெரியாதா?"

"சாம்பல் ஒட்டிகினு நிறம் மாறிப்போச்சுங்க. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து நம்ம சாம்பல்லயா முட்டை வெக்கும்? கிட்டப் போயி ஒரு போட்டோ எடுத்தா தெரிஞ்சிடுங்க. அட்டையை மட்டும் மாத்திடலாம்."

மரியாதையாகத்தான் சொன்னான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை நானே அழைத்துப் போனேன். அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரோடு கொட்டுகிற ஏரி அது. மேலே காய்ந்து தரை போலத் தெரியும், உள்ளே குழம்பு.

"கால் தாங்குமாங்க?" என்றான்.

"பறவை நடந்த தடம் இருக்கு பாரு. அதும்மேலயே போ."

பொய் சொல்லவில்லை சார், தடம் இருந்தது. பறவையின் எடை நூற்றைம்பது கிராம், புத்தகத்தில் போட்டிருக்கிறேன். அவன் கேட்கவில்லை.

கூட்டருகே சத்தம் போடக் கூடாது என்பது என் இரண்டாவது பாடம். தொடைவரை இறங்கிய பிறகும் பாவம், கையைத்தான் ஆட்டினான். இடுப்பு போன பிறகுதான் கத்தினான். என் பையில் நைலான் கயிறு இருந்தது. நீங்கள் கைப்பற்றிய பொருட்களில் அதுவும் இருக்கிறது. பறவை ஆய்வாளன் இயற்கையில் குறுக்கிடக் கூடாது. எதிர்க்கரையில் ஒரு லாரி போனது. சாம்பலில் சாம்பல் நிறச் சட்டை, டிரைவருக்குத் தெரிந்திருக்காது. நல்ல வெயில், எனக்குப் பைனாகுலரில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

கொலை என்கிறீர்கள். மறுக்கவில்லை. அந்த வழி தாங்காது என்று தெரிந்துதான் காட்டினேன். அவன் மனைவி தமிழ்நிலா கேட்டால் இதையே சொல்லிவிடுங்கள்.

என் குறிப்பேட்டை மட்டும் மடக்காமல் வையுங்கள்; இரண்டாம் பதிப்புக்கு வேண்டும். அன்றைய பக்கத்தில் 'தொந்தரவு' என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறேன்: "ஓர் ஆள். 7.02 முதல் 7.19 வரை. பிறகு இல்லை."

அதற்குக் கீழே: "7.24. பறவை திரும்பி வந்து அடைகாக்கிறது. முட்டை நான்கும் பத்திரம். மூக்கடியில் மஞ்சள் இருப்பது போலத் தெரிகிறது. வெளிச்சம் சரியில்லை."