அட்டைப் பாவாடை

ஃபேனைப் போடாதீங்க மேடம். காத்துல அங்க தொங்குற பாவாடை சரக் சரக்னு ஆடும், அக்கா உள்ள வர்ற மாதிரியே இருக்கும். எங்கம்மா பாதித் தையலை விட்டுட்டு எந்திரிச்சிருவாங்க.

அட்டைதான். நாப்பத்தோரு அட்டை, மூணு ஊசி உடைஞ்சுது. எல்லாம் வீடு வாடகைக்குன்னு வாசல்ல தொங்கினது. அக்கா போய்க் கேப்பாங்க, உன்ன மாதிரி ஆளுக்கு இல்லேம்பாங்க. வீடு இல்லேன்னா அட்டை எதுக்குன்னு கழட்டிட்டு வந்துருவாங்க. அதையே தச்சுப் போட்டுக்கிட்டு நகராட்சி வாசல்ல நிப்பாங்க. வாயே திறக்க மாட்டாங்க.

ஆமா, உங்க படத்துல, அக்கா பக்கத்துல நின்னு மைக்ல பேசுற வீட்டுக்காரங்க குரலெல்லாம் நான்தான். மாடி வீட்டம்மா குரல் வேணுமா? எங்களுக்கொண்ணும் இல்லப்பா, அக்கம்பக்கந்தான் ஒரு மாதிரி பேசும். பாத்தீங்களா, சிரிச்சிட்டீங்க. உன் தொண்டையில ஊரே குடியிருக்குடி, அதுவும் வாடகை இல்லாமன்னு அக்கா சொல்வாங்க.

அக்காவோட அப்பாவா? ஒரே தடவை இந்தக் கடைக்கு வந்தாரு. வார்த்தைக்கு வார்த்தை செருமிக்கிட்டு, அக்காவைப் பாத்து, டேய், என் வாசப்படி மிதிச்சிராதேன்னுட்டுப் போனாரு. எனக்கு ரெண்டு வரி போதும், பிடிச்சுக்குவேன். ஆனா அக்கா முன்னாடி அவர் குரலை மட்டும் செஞ்சதில்ல.

படத்துல அப்பா ஃபோன் பண்ணி வரச்சொல்லி, கதவைச் சாத்திட்டாருன்னு வருதில்ல? அக்கா ரெண்டு மணி நேரம் கேட்டுக்கு வெளிய நின்னாங்களாம். அப்புறம் எட்டு மாசமா அவங்களை யாரும் பாக்கல. நான் ஃபோனே பண்ணலைன்னு அந்த மனுசன் அழறாரு. அதைப் புளுகுன்னு போட்டிருக்கீங்க. அதை வெட்டிருங்க மேடம்.

மைக் ஓடுதா? ஓடட்டும்.

நாப்பத்தோராவது அட்டையோட வந்த அன்னிக்கு அக்கா சாப்பிடவே இல்ல. கொஞ்சம் சிரிக்க வைக்கலாம்னு எதிர்க்கடை ஃபோன்லேருந்து அக்காவைக் கூப்பிட்டேன். செருமிக்கிட்டு, மகளே, கதவு திறந்துதான் இருக்குன்னேன். அவர் மகளேன்னு ஒருநாளும் கூப்பிட்டதில்ல, உடனே கண்டுபிடிச்சு அடிக்க வருவாங்கன்னு நெனச்சேன்.

வரேம்ப்பான்னாங்க.

ரோட்டைத் தாண்டி ஓடி வந்தேன். அக்கா அட்டைப் பாவாடையை அங்க மாட்டிட்டு, எங்கம்மாவோட நல்ல உடுப்பைப் போட்டுக்கிட்டு, இதோ இந்தக் கண்ணாடி முன்னாடி நின்னாங்க. எப்படி இருக்கேன்னு என்னையத்தான் கேட்டாங்க.

எல்லார் வாயும் வருது மேடம். அன்னிக்கு என் வாய் வரல.