அல்லி அக்காவின் பத்து மதிப்பெண்

தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் பெற்றோர் கழகத் தலைவர், நெடுங்காடு வைத்தியலிங்கம் அவர்களே, அதாவது என்னைப் பெற்ற தந்தையே! தலைமையாசிரியை சௌந்தரவல்லி அம்மையார் அவர்களே! பெருந்திரளாய் வந்திருக்கும் பெரியோர்களே, பந்தல் நிறைந்திருக்கும் தாய்மார்களே, அவர்களுள் ஒருவராய், நான் பேசப்போவது எதையும் அறியாமல் அமர்ந்திருக்கும் என் அம்மாவே! அனைவருக்கும் அன்பு வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, பண்டைத் தமிழரின் பெருமை. கப்பல் விட்டோம், கடல் கடந்தோம், முத்து விற்றோம், மிளகு விற்றோம் என்று நான் முழங்க வேண்டும். இவற்றை எனக்குச் சொல்லித் தந்தவள் எங்கே? மேடையில் இருக்கிறாளா? பந்தலில் இருக்கிறாளா? என் அக்கா அல்லி வீட்டில் இருக்கிறாள். காரைக்காலில் கல்லூரிக்குப் போய்ப் பண்டைய வரலாறு படித்தவள், ஒரு மாதமாக வாசல் தாண்டவில்லை.

உடன் படிக்கும் பையனிடம் அவள் பேருந்து நிலையத்தில் வரைபடம் வாங்கியதைச் சித்தப்பா பார்த்துவிட்டார். அன்றே அப்பா சொன்னார்:

"பரீட்சைக்கு மட்டும் போயி எழுதிட்டு வா. போதும்."

"அதுக்கு முன்னாடி வகுப்புல நின்னு கட்டுரை படிக்கணும்பா. கேக்குறதுக்குப் பதில் சொல்லணும். அதுக்குப் பத்து மார்க்கு."

"பேசுறதுக்கு மார்க்கா? எந்த ஊர்லடி?"

"நீங்க படிச்சப்ப காரைக்கால பிரான்சுக்காரன் ஆண்டான். இப்ப எல்லாம் மாறிடுச்சுங்க" என்றார் அம்மா.

"இவளுக்கு நீ வக்காலத்தா?"

முன்வரிசையில் இருக்கும் என் வகுப்புத் தோழி ராஜம், சிரிக்காதே! கட்டுரை படிக்காதவளுக்குத் தேர்வெழுதவே அனுமதி இல்லை. அதற்குக் கடைசி நாள் வரும் திங்கட்கிழமை.

மாலைதோறும் அக்கா கொல்லையில் நிற்கிறாள். "பேராசிரியர் அவர்களே, நண்பர்களே" என்று தொடங்கிப் படித்து முடிக்கிறாள். பிறகு கேள்விக்காகக் காத்து நிற்கிறாள். யார் கேட்பார்கள்? கொடியில் காயும் சேலை கேட்குமா? கிணற்றடி வாளி கேட்குமா? தானே ஒரு கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லி, "நன்றி" என்று யாருக்கோ தலை வணங்கிவிட்டு, உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டு உள்ளே வருகிறாள்.

அவையோரே! இன்று நன்றாகப் பேசும் பெண்ணுக்குக் கோப்பை தர வந்திருப்பவர் யார்? என் அப்பா! "எஞ் சின்னப்பொண்ணு வெளுத்துக் கட்டுவா பாருங்க" என்று டீக்கடையெல்லாம் சொல்லி வந்திருக்கிறார். சின்னவள் பேசினால் பெருமை, பெரியவள் பேசினால் பிழையா? ஊரே கூடிய பந்தலில் நான் நிற்கலாம், ஒரே ஒரு வகுப்பறையில் அவள் நிற்கக் கூடாதா?

வீடு உறங்கிய பின் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு இதை எழுதினேன். யாராவது புரண்டு படுத்தாலும் தாளை மறைத்தேன். விழித்திருப்பவள் நான் ஒருத்தி என்பதே பயமாக இருந்தது.

அப்பா! வீட்டில் கேட்டால் "உள்ளே போ" என்பீர்கள். இங்கே போவதற்கு உள்ளே என்று ஓர் இடம் இல்லை. ஆகவே ஊரறியக் கேட்கிறேன். திங்கட்கிழமை நீங்களே அக்காவைப் பேருந்தில் அழைத்துப் போங்கள். வகுப்பு வாசலில் நில்லுங்கள். அவள் பேசுவதை நீங்களும் கேளுங்கள். என்னை அடிப்பதானால் வீட்டில் அடியுங்கள். பதிலை மட்டும் இங்கே சொல்லுங்கள். வாய் திறக்க வேண்டாம், தலையசைத்தால் போதும். அதுவரை இந்த ஒலிபெருக்கியை விட்டு நான் நகர மாட்டேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் என் நன்றி.

வணக்கம், அப்பா.