எடுக்காத பொட்டலம்

பெயர் யோகராஜ் ஹம்சிகா. வயது பதினைந்து. பத்தாம் தரத்தில் படிக்கும் மாணவி. வசிப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஹமீட் நானாவின் பலசரக்குக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், என் பெரியப்பா பாலசுந்தரத்தின் வீட்டில்.

நேற்றுப் பொலிஸில் பெரியப்பா சொல்வதை ஒரு சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து வாங்கில் இருந்து பார்த்தேன். அவர் முதலில் பெயர், வயது, முகவரி கேட்டார். அதன் பின்னர் நடந்ததை முன்பின் மாறாமல் சொல்லச் சொன்னார். நானும் அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். நாளை காலை என்னை அங்கே கூட்டிப் போகிறார்கள். அங்கே இதை என் வாயால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் தாளை வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

என் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் பெந்தோட்டையில் உள்ள ஒரு ஹோட்டலில் டைம்ஷெயார் ஒப்பந்தம் ஒன்று வாங்கினார். அதன்படி ஒவ்வொரு வருடமும் ஒரு கிழமை, அதாவது ஏழு நாட்கள், அந்த ஹோட்டலில் எங்கள் குடும்பம் தங்கலாம். தங்கினாலும் தங்காவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். நாங்கள் ஒரே ஒரு முறைதான் போனோம். போன வருடம் அப்பா இறந்தார். அதன் பின்னர் அம்மா சுபோதினியும் நானும் பெரியப்பா வீட்டுப் பின்பக்கப் பல்கனியில் படுத்து வருகிறோம். கட்டணம் கேட்டு ஹோட்டலில் இருந்து கடிதங்கள் வந்தபடியால் ஒப்பந்தத்தை விற்க அம்மா முடிவெடுத்தார். வரும் பணத்தில் தெஹிவளைப் பக்கம் ஒரு அறை எடுத்து நாங்கள் இருவரும் தனியாக இருக்கலாம் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

விற்றுக் கொடுக்க இரண்டு தரகர்கள் இருந்தார்கள். ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் டோரின் அன்ரி. நானும் அம்மாவும் பஸ்ஸில் போய் அவரைச் சந்தித்தோம். அப்பா கொடுத்த விலையில் கால்வாசி கிடைத்தாலே பெரிய காரியம் என்று அவர் சொன்னதும் அம்மாவின் முகம் சுருங்கியது. அதன் பின்னர் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"முதல்ல ஹோட்டல்காரரிட்டயே கேளுங்க தங்கச்சி, திருப்பி எடுப்பீங்களா எண்டு. அவங்க மாட்டம் எண்டா நான் ஆள் தேடுறன். வாங்குறவர் பேரை ஹோட்டல்ல பதிஞ்ச பிறகு என்ட கமிஷனைத் தாங்க. முன்னுக்குச் சல்லி கேக்கிறவன்ட வாசல்ல ஏறாதீங்க."

மற்றவர் நுகேகொடையில் ஏசி போட்ட அலுவலகம் வைத்திருந்த றமேஷ் என்பவர். பெரியப்பாதான் அவரைக் கொண்டுவந்தார். கனடாவில் வாங்க ஆள் தயாராக இருப்பதாகவும், அப்பா கொடுத்ததிலும் கூடுதல் விலை வரும் என்றும், அதற்கு முன் வரியும் பதிவுச் செலவும் நாங்கள் கட்ட வேண்டும் என்றும் றமேஷ் சொன்னார். அம்மா டோரின் அன்ரி சொன்னதைச் சொன்னபோது பெரியப்பா சிரித்தார்.

"முன்னுக்குச் சல்லி வேண்டாம் எண்டு சொல்லுற புரோக்கரை நீ எங்கை கண்டனி? ஒண்டில் அவள் விசர், இல்லாட்டிக் கள்ளி."

அம்மா அதற்கும் சம்மதிக்கவில்லை. அதன் பின்னர் பெரியப்பா, மனிதரை நம்பாவிட்டால் பிள்ளையாரைக் கேட்போம், பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். எங்கள் குடும்பத்தில் கலியாணம், காணி, வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றுக்கும் அப்படிப் பார்ப்பது வழக்கம். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை மற்றதிலும் வாழையிலையால் சுற்றி நூலால் கட்டிச் சாமிக்கு முன் வைத்து, ஒரு பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பார்கள். எடுத்ததை மட்டும் பிரிப்பார்கள். எடுக்காததைப் பிரித்துப் பார்ப்பது சாமியைச் சந்தேகிப்பது என்றபடியால் அதை ஒருவரும் தொடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பெரியப்பா பொட்டலங்களைக் கட்டிக் கொண்டுவந்தார். சிவப்பு டோரின், வெள்ளை றமேஷ் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் ஒன்றை எடுத்தேன். உள்ளே நந்தியாவட்டை இதழ்கள், வெள்ளை. அம்மா அழுதுகொண்டே கும்பிட்டார். மற்றப் பொட்டலத்தைப் பெரியப்பா எடுத்துச் சட்டைப் பையில் வைத்ததை நான் பார்த்தேன். அதை அப்போது ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

அன்று மாலை பெரியம்மா சிவக்கொழுந்து துவைக்கத் தந்த உடுப்புகளில் அந்தச் சட்டையும் இருந்தது. பையைத் தடவியபோது பொட்டலம் கையில் பட்டது. பிரித்தேன். அதற்குள்ளும் வெள்ளை இதழ்கள்தான் இருந்தன. நான் அதைக் கையில் பிடித்தபடி நிற்கும்போது பெரியப்பா குளியலறை வாசலில் வந்து நின்றார். அவர் சத்தம் போடவில்லை. இதழ்களை என் கையிலிருந்து எடுத்து என் வாய்க்குள் வைத்து, "விழுங்கு" என்றார். நான் விழுங்கிய பின்னர் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அதன் பின்னர் சொன்னார்.

"எடுத்தது ஆற்ற கை? உன்ர கை. நாளைக்குப் பிழைச்சாலும் உன்ர கைதான் பிழைச்சது."

அன்றிரவே இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயைக் கழுவிவிட்டு, "கோயிலுக்குள்ள நிண்டு ஆரும் அப்பிடிச் செய்வினமே பிள்ளை?" என்று கேட்டார். காட்டுவதற்கு என்னிடம் பூ இருக்கவில்லை.

அடுத்த நாள் அம்மாவின் தாலிக்கொடியைப் பெரியப்பா செட்டியார் தெரு நகைக்கடையில் விற்று, எங்களையும் கூட்டிக்கொண்டு நுகேகொடைக்குப் போய் அந்தப் பணத்தை றமேஷிடம் கட்டினார். பற்றுச்சீட்டு பெயர் மாற்றத்தோடு சேர்ந்து வரும் என்று றமேஷ் சொன்னார். அம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது நான் தண்ணீர் குடிக்க அலுவலகத்தின் பின்பக்கம் போனேன். அங்கே றமேஷ் பெரியப்பாவிடம், "பாலா அண்ணை, உங்கட பங்கு பின்னேரம் வரும்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அந்தக் கிழமை பெரியப்பா தன் அறைக்கு ஏசி பூட்டினார். அதன் வெளிப்பெட்டியை நாங்கள் படுக்கும் பல்கனியில் பொருத்தினார்கள். இரவு முழுவதும் அதன் சூடான காற்று எங்கள் மேல் படுகிறது.

அதன் பின்னர் றமேஷின் ரெலிபோன் வேலை செய்யவில்லை. நுகேகொடைக்குப் போய்ப் பார்த்தோம். அலுவலகம் இருந்த இடத்தில் கலியாண உடுப்புக் கடை ஒன்றுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று தொடக்கம் பெரியம்மா என்னை உப்புப் போத்தலைத் தொட விடுவதில்லை, விளக்கு ஏற்ற விடுவதில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் என்னைக் கூப்பிட்டு வலது கையை நீட்டச் சொல்லி, "உந்தக் கைதான்" என்று காட்டுவார். ஒரு மாமி என் கையைப் பிடித்து ரேகை பார்த்துவிட்டு, தன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்.

அம்மா ஒளித்து டோரின் அன்ரிக்கு ரெலிபோன் எடுத்தார். அவர் மூன்று மாடியும் ஏறி வந்து, எல்லோருக்கும் முன்னால், யாரிடம் கொடுத்தீர்கள், பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார். தானே எங்களோடு பொலிஸுக்கு வருவதாகவும் சொன்னார். பெரியப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பினார். அதன் பின்னர், அவர் முந்துவதற்குள் பெரியப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனார். அம்மா கொட்டாஞ்சேனையில் டோரின் கையில் பணத்தைக் கொடுத்ததாகவும், அதை நான் பக்கத்தில் நின்று பார்த்ததாகவும் முறைப்பாடு எழுதுவித்தார். அம்மாவிடம் கேட்டபோது அவர் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிள்ளையும் வந்து சொன்னால் அந்த மனுசியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் உள்ளே போடலாம் என்று சார்ஜன்ட் சொன்னார்.

இன்று இரவுச் சாப்பாட்டின்போது பெரியப்பா எனக்குச் சொல்லிப் பழக்கினார். டோரின் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்தார் என்று நான் சொல்ல வேண்டும். நான் பிழையாகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் பெரியம்மா அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துத் தள்ளி வைத்தார். சரியாகச் சொன்ன பின்னர் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா சாப்பிட்டார். பெரியப்பா, "கெட்டிக்காரி. நாளைக்கும் இப்பிடிச் சொன்னியெண்டால் பல்கனியில கிடக்கலாம். இல்லாட்டி கொம்மாவைக் கூட்டிக்கொண்டு பெந்தோட்டைக்குப் போ, அங்கை உங்கட கிழமை இருக்குத்தானே" என்றார். பெரியம்மா சிரித்தார்.

அதன் பின்னர் பாயில் படுத்திருக்கும்போது அம்மா என் காதுக்குள் சொன்னார்.

"சொல்லிவிடு ராசாத்தி. டோரின் அக்காவுக்கு ஆக்கள் இருக்கினம். எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

 அம்மா நித்திரையான பின்னர் இந்தக் குளியலறைக்குள் வந்தேன்.

விடிய ஹமீட் நானாவின் கடையில் பாண் வாங்க நான்தான் போக வேண்டும். அவருடைய மகள் நதா என் வகுப்பில் படிக்கிறாள். இந்தத் தாளை அவள் கையில் கொடுத்து, பொலிஸில் சேர்க்கச் சொல்வேன். அவளுடைய கையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

இதில் எழுதியிருப்பவை நான் கண்டதும் கேட்டதும் விழுங்கியதும் ஆகும். ஒருவரும் சொல்லித் தந்து எழுதவில்லை. நாளை நான் சார்ஜன்டுக்கு முன்னால் இருந்து, டோரின் அன்ரி பணத்தை எண்ணிக் கைப்பைக்குள் வைத்ததைப் பார்த்தேன் என்று சொல்வேன். அம்மா பக்கத்தில் இருப்பதால் அப்படித்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அது பொய். அதை நான் சொல்வதற்கு முன்பே, அது பொய் என்று இங்கே தெரிவித்து, பொட்டலத்தை எடுத்த அதே வலது கையால் கையொப்பமிடுகிறேன்.

யோ. ஹம்சிகா