கலீல் கடையில கண்ணுக்குத் தெரியாத எலி

...ஒரு தட்டு முட்டை தம்பி! முழுசா ஒரு தட்டு! ஒடைஞ்ச முட்டைய யாருக்கு விக்கிறது, சொல்லுங்க? வீட்டுல காலையில ஆம்லேட்டு, மத்தியானம் ஆம்லேட்டு, ராத்திரியும் அதேதான். எம் பொண்டாட்டி ரோஷன் பேகம், ‘இனிமே முட்டைங்கிற பேச்ச எடுத்தீங்கன்னா அன்னவாசல விட்டே போயிருவேன்’ங்கிறா. நீங்க உக்காருங்க நிஜாம் தம்பி. அந்த ஸ்டூலு ஆடும், ஆனா விழாது. சாக்கு கொண்டாந்திருக்கீங்கள்ல? ஓட்டை போட்டிருக்கீங்களா? மூச்சு விடணும்ல அது.

இப்பவே புடிச்சிப் போட்டுருவோமா? இருங்க, டீ சொல்லியிருக்கேன். மீமிசல்லேருந்து கருவாட்டு மூட்டையோட இம்புட்டுத் தூரம் வந்துட்டு, டீ குடிக்காமப் போனா நல்லாவா இருக்கும்? அந்தா, அரிசி மூட்டை மேல படுத்திருக்கு பாருங்க, அதான் சுல்தான். இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு கேக்குற மூஞ்சி!

நல்ல பூனையாத்தான் இருந்துச்சு. சும்மா குத்தஞ் சொல்லக்கூடாது. மூட்டைப் பக்கம் ஒரு எலிய அண்டவுடாது. கொஞ்ச நாளாத்தான் இப்பிடி. நம்மது மேக்க பாத்த கடை, சாயந்தரம் வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். அசர் தொழுதுட்டு வந்து இங்கன நிப்பேன். ஆளுக வருவாங்க, நாலு பேருகிட்ட நாலு வார்த்தை பேசணும்ல, யாவாரம்னா சும்மாவா... பேசிக்கிட்டே இருப்பேன், பின்னாடி டமார்! திரும்பிப் பாத்தா மொளகாத்தூள் டப்பா கீழ கெடக்கு. சுல்தான் செவுத்துல ஏறுது, குதிக்குது, பொத்துன்னு விழுது, மறுபடியும் ஏறுது. எதத் தொரத்துதுன்னு பாத்தா... ஒண்ணுமே இல்ல தம்பி! வெறுஞ் செவுரு!

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. எம் பேத்தி இருக்கால்ல, நுஸைபா, மக வயித்துப் பேத்தி, மூணாவது படிக்கிறா, அவ போன்ல ஒரு பொம்மைப் படம் காட்டுனா. ரொம்பப் பழைய படமாம். எலி ஒண்ணு ஏதோ மருந்துப் பாட்டில்ல விழுந்து எந்திரிக்குது, ஆளே மறைஞ்சிருது! பூனையோட மீசைய யாரோ இழுக்குறாங்க, வாலை யாரோ மிதிக்கிறாங்க, யாருன்னு தெரியல. அது காத்தப் போட்டு அடிக்குது, அடி பூராம் அது மேலயே விழுது. சிரிச்சேன் பாருங்க, வயித்து வலியே வந்துருச்சு! அடுத்தவன் வீட்டுப் பூனைன்னா சிரிப்புத்தான் வரும். நம்ம கடைக்கு வந்தப்பதான் ஒறைக்குது, அந்தப் படத்துல ஒடைஞ்ச தட்டெல்லாம் யாரோ ஒரு பாவப்பட்டவன் வாங்கி வச்சதுதானே!

சிரிக்காதீங்க. அந்த மாதிரி ஒண்ணு இங்கயும் வந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாத எலி. அதுக்கு நேரங்காலமெல்லாம் உண்டு தம்பி! காலையில வராது. மூட்டமா இருந்தா வராது. போன வாரம் வானம் இருட்டிக்கிட்டே கெடந்துச்சுல்ல, சுல்தான் பாட்டுக்கு மூட்டை மேல கொறட்டை விடுது. இன்னொன்னு கேளுங்க, ரோஷன் கடையில நின்னா வராதாம்! வெள்ளிக்கெழம சாயந்தரம் பூராம் அவதான் நின்னா, ஒரு தீப்பெட்டி கூட விழல. ‘ஒங்களக் கண்டாத்தான் அதுக்குக் கிறுக்குப் புடிக்குது’ங்கிறா. எனக்குன்னே வந்து சேந்த எலி! பள்ளிவாசல் ஹஜரத்துகிட்ட தண்ணி ஓதி வாங்கியாந்து தெளிச்சேன். பொறி வச்சேன். என்ன மாட்டுச்சுங்கிறீங்க? எங் கால் பெருவெரலு!

மணி என்ன ஆவுது? இந்தா, இதப் பாருங்க. போன மாசம் மகன் ஷார்ஜாவுலேருந்து லீவுக்கு வந்தப்ப கையில மாட்டிவிட்டுப் போனது. தாம்பாளம் கணக்கா இருக்கா? கண்ணாடி எப்பிடிப் பளபளங்குது! நல்லதுக்கெல்லாம் வலது கைதானே நமக்கு, அதனால வலது கையிலதான் கட்டுறது. போன்ல வந்தான்னா மொத கேள்வி, ‘அத்தா, வாட்ச் கட்டியிருக்கீங்களா?’ நானும் இப்பிடித் தூக்கி, இப்பிடித் திருப்பி... ஏய்! ஏய் சுல்தான்! பாத்தீங்களா தம்பி? சோப்பு அடுக்கு மொத்தமும் போச்சு! இப்ப நாம என்ன பண்ணுனோம் அத? பேசிக்கிட்டுத்தானே இருந்தோம்!

இல்ல, இனி ஆகாது. எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதையா ஆயிரும். கொண்டுபோயிருங்க. மீன் எறங்குற எடத்துல உட்டா பொழச்சிக்கும். சாளை போடுங்க, ஆனா முள்ளு எடுத்துப் போடணும், செல்லமாவே வளந்துருச்சு. மழை பெஞ்சா ஒதுங்க அங்கிட்டு எடம் இருக்கும்ல? ...நானா? நா எதுக்கு வருத்தப்படுறேன்! நுஸைபாவ நெனைச்சாத்தான். குட்டியா கெடந்தத அவதான் கவுனுக்குள்ள பொத்தித் தூக்கியாந்தா. அவ அம்மாவும் அத்தாவும் திருப்பூர்ல வேலை பாக்குறாங்க, புள்ள எங்ககிட்டதான் கெடக்கு. அம்மா நெனப்பு வந்துச்சுன்னா அந்தப் பூனையத்தான் கட்டிக்கிட்டுப் படுக்கும். அதான் ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள தூக்கிட்டுப் போயிருங்கன்னு சொன்னேன். கேட்டா ஓடிப்போச்சுன்னு சொல்லிக்கிறேன். அழுவா. சோறு திங்கமாட்டா. சரி உடுங்க. எங்க இந்த டீயக் காணோம்?

என்ன தம்பி? எதுக்கு எங் கையப் புடிக்கிறீங்க? பேசலாம், ஆட்ட மட்டும் கூடாதா? சரி, ஆட்டல. பூனையா? சும்மாத்தான் உக்காந்திருக்கு. கைய வெயில்ல நீட்டிக்கிட்டே கழுத்த மட்டும் திருப்பணுமா? எனக்குக் கழுத்து புடிச்சிக்கும்... இந்தா, திருப்பிட்டேன். இப்ப மெதுவா ஆட்டணுமா? ம்... அட! என்னது அது, செவுத்துல? வெள்ளையா, வட்டமா... இங்கிட்டு ஆட்டுனா இங்கிட்டு ஓடுது, அங்கிட்டு ஆட்டுனா அங்கிட்டு... சுல்தானும் பின்னாடியே... யா அல்லா!

அம்புட்டுத் தடவ திரும்பிப் பாத்தேனே, தெரியலையே! ...ஆமால்ல, மொத்தமாத் திரும்புனா வெயில நானே மறைச்சிருவேன். வாட்ச்சுக் கண்ணாடியில பட்ட வெயிலா அந்த எலி? அப்ப முட்டைய ஒடைச்சது நானா? மொளகாத்தூளு நானா? பூனைக்கு யாரு மணி கட்டுறதும்பாங்க. நா எங் கையில மணியக் கட்டிக்கிட்டு பூனைய ஆட்டி வச்சிருக்கேன் தம்பி! வாயில்லாச் சீவன், அத ஊர விட்டே அனுப்பப் பாத்தேனே... உள்ள யாரு சிரிக்கிறது? ரோஷனு, நீ சிரிக்காத!

இடது கையில மாத்திக் கட்டுறதா? அதையும் ஆட்டித்தானே பேசுறேன். கழட்டுனா ஷார்ஜாவுல மூஞ்சி தொங்கிப்போயிரும். சரி, வெயில் எறங்குற வரைக்கும் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சிக்கிறேன். இப்பிடி. நாம என்ன பேசிக்கிட்டிருந்தோம்? அது வந்து... அதாவது... ம்ஹூம். வார்த்தையே வரமாட்டேங்குது தம்பி!

ஹாரன் அடிக்குது... வேனு! வந்துட்டா! சாக்கச் சுருட்டுங்க, ஸ்டூலுக்கு அடியில தள்ளுங்க... போச்சு, பாத்துட்டா. ஓட்டை போட்ட சாக்கு எதுக்குன்னு கேக்குறா பாருங்க. நீங்களே எதையாச்சும் சொல்லுங்க தம்பி, சொல்லுங்க! கைய ஆட்டாம எனக்குப் பொய் பேச வராது.